சிங்கப்பூரில் 124 பேருக்கு டீலர் கூட்டமும் பரிசுப் பயணமும்: திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

பம்ப்செட்_கோவை:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் விவசாய மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் டீலர்கள் 86 பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வதென்று நிர்வாகம் முடிவு செய்து, ஏற்பாடு முழுவதையும் என் தலையில் கட்டியிருக்கிறது. ஆண்டு இலக்கை எட்டிய 32 பேர் தம் வாழ்க்கைத் துணையையும் உடன் அழைத்து வரலாம். அலுவலகத்திலிருந்து ஆறு பேர் செல்கிறோம். ஆக மொத்தம் 124 பேர், நான்கு நாள், மூன்று இரவு.

இப்போதைக்கு வரைந்திருக்கும் திட்டம் இது. கோவையிலிருந்து இரவு விமானத்தில் கிளம்பி அதிகாலையில் இறங்கி, ஹோட்டலில் குளித்துவிட்டு, அன்று காலை பத்து மணிக்கே புதிய சோலார் பம்ப் அறிமுகக் கூட்டத்தைத் தொடங்குவது. அன்று மாலையே விருது விழா. மீதி மூன்று நாளும் ஊர் சுற்றுவது. செப்டம்பர் கடைசி வாரம் அல்லது அக்டோபர் முதல் வாரம் என்று நினைத்திருக்கிறோம். ‘பெயரைச் சொன்னால் டீலர் வாயைப் பிளக்க வேண்டும்’ என்பதால் மெரினா பே சாண்ட்ஸ் சொகுசு ஹோட்டலில்தான் கூட்டம் நடக்க வேண்டும் என்று எம்.டி. விரும்புகிறார். விருது விழா விருந்துக்கு ஓர் ஹோட்டல் ஆளுக்கு 80++ என்று விலை கொடுத்திருக்கிறது. அந்த இரண்டு கூட்டல் குறிகளுக்கு என்ன பொருள் என்று கேட்கவே கூச்சமாக இருந்ததால் இங்கே கேட்கிறேன்.

நான் இதுவரை நடத்தியவை எல்லாம் ஏற்காட்டிலும் மூணாறிலும்தான். எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் இந்தியக் குழுக்களுக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் திட்டத்தில் அரங்கைவிட முதல் நாள் காலைதான் எனக்குக் கவலை தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்கு நாங்கள் அப்படியே செய்து கொடுத்து அகப்பட்டுக்கொண்டோம். காலை ஏழே முக்காலுக்கு ஹோட்டல் முகப்பில் தொண்ணூறு பேர் நின்றார்கள். அறை கிடைப்பதோ பிற்பகல் மூன்று மணிக்கு. மாற்றுடை இருந்த பெட்டிகள் எல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே சேமிப்பறைக்குள் போய்விட்டன. ஹோட்டல் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்களுக்கு மூன்று ஷவர் இருந்தன. அவற்றுக்கான வரிசை நீச்சல் குளம் வரை நின்றது. பத்து மணிக் கூட்டம் பதினொன்றே காலுக்குத்தான் தொடங்கியது. நிறுவனத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒருவர் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. இரவு முழுவதும் கண் விழித்து வந்தவருக்கு உடம்புக் கணக்கில் அப்போது காலை எட்டே முக்கால்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முந்தின இரவுக்கும் அறை வாடகையைக் கட்டி, இறங்கியவுடன் சாவியை வாங்கிக்கொள்ளலாம். அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளுக்கு அது பெரிய தொகை. அல்லது முதல் நாளை இலேசாக வைத்துக்கொண்டு, கூட்டத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளலாம். விமான நிலையத்திலிருந்து நேராக சிராங்கூன் சாலைக்கு வந்து இட்லியும் காபியும், பிறகு கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்கள், மூன்று மணிக்கு அறை, இரவில் சீக்கிரம் தூக்கம். நான் இரண்டாவது வழியையே சொல்வேன்.

நாட்களை மாற்ற இயலுமானால் மாற்றுங்கள். 2008ஆம் ஆண்டு முதல் இங்கே நடக்கும் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அந்த வாரம் மெரினா வட்டாரத்தில் அறை விலை ஏறிவிடும், சாலைகளையும் மூடிவிடுவார்கள். பந்தயத் தேதியைப் பார்த்து, அதிலிருந்து இரண்டு வாரமாவது விலகிக்கொள்ளுங்கள்.

அரங்கைப் பொறுத்தவரை, மெரினா பே சாண்ட்ஸின் மாநாட்டுக் கூடமான சாண்ட்ஸ் எக்ஸ்போ, சன்டெக், சாங்கிப் பக்கத்தில் உள்ள சிங்கப்பூர் எக்ஸ்போ ஆகியவை ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாடுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. 86 டீலர்களை அங்கே அமர்த்தினால் கல்யாண மண்டபத்தில் காதுகுத்து நடத்தியது போலிருக்கும். தங்கும் ஹோட்டலிலேயே ஓர் அரங்கம் எடுங்கள்; காலையில் பஸ் ஏற்றும் வேலையே இருக்காது. எம்.டி.யின் ஆசைக்கு, சாண்ட்ஸ் கட்டடம் பின்னணியில் தெரியும் இடத்தில் ஒரு குழுப் படம் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

80++ என்பதில் முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகு வரும் தொகைக்கே வரி போடுவார்கள் என்பதால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 119.90 ஆகிறது. உங்கள் விருந்துக்கு 9,920 வெள்ளி என்று எழுதி வைத்திருப்பீர்கள். பில் 11,894 வெள்ளி வரும். ஒப்பந்தத்தில் உறுதி செய்த தலைக்கணக்கைவிடக் குறைவானவர்கள் வந்தாலும் முழுத் தொகையைக் கேட்பார்கள் என்பதால், எந்தத் தேதி வரை எத்தனை பேரைக் கட்டணமின்றிக் குறைக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. 124 பேரை மூன்று பஸ்களில் ஏற்றிவிடலாம். ஆனால் விமான நிலைய நாட்களில் பெட்டிகளுக்குத் தனி லாரி வேண்டும். இதை மறந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வரவுசெலவு:

நான் பட்டயக் கணக்காளர். சிராங்கூன்வாசி அவர்கள் கூட்டத்தை இரண்டாம் நாளுக்கு மாற்றச் சொன்னது தூக்கத்துக்காக. வரிக் கணக்கிலும் அது உங்களுக்கு நன்மையாக முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்குக் கொடுக்கும் பரிசு, பயணம் போன்ற பலன் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவரே 10 விழுக்காடு வரியை (டி.டி.எஸ்.) முன்கூட்டிப் பிடிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இதன் பிரிவு எண் வேறு. துறையில் எல்லோரும் இன்னும் 194ஆர் என்றே சொல்கிறார்கள். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்த தங்கக் காசும் அந்த 20,000 கணக்கில் சேரும்.

புதிய பொருளை அறிமுகப்படுத்துவது, விற்பனை முறையைக் கற்றுக் கொடுப்பது போன்றவற்றை முதன்மை நோக்கமாகக் கொண்ட டீலர் மாநாட்டின் செலவு பலனாகக் கருதப்படாது என்று நேரடி வரிகள் வாரியம் 2022ஆம் ஆண்டின் 12ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. இலக்கை எட்டியவர்களுக்குத் தரும் பரிசாக மாநாடு இருக்கக் கூடாது. ஊர் சுற்றும் செலவு, அது மாநாட்டோடு ஒட்டியே வந்தாலும், பலன்தான். உடன் வரும் குடும்பத்தினரின் செலவும், மாநாட்டுத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் கூடுதலாகத் தங்கும் செலவும் அப்படியே. அதே ஆண்டின் 18ஆம் எண் சுற்றறிக்கை ஒரு சலுகை தந்தது: மாநாடு தொடங்குவதற்கு முந்தின ஒரு நாளும் முடிந்த மறுநாளும் கூடுதல் தங்கலாகக் கொள்ளப்படாது.

உங்கள் பழைய திட்டத்தில் முதல் நாளிலேயே கூட்டம் முடிந்துவிடுவதால் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கின்றன. இரண்டாம் நாளில் வைத்தால் நான்காம் நாள் மட்டுமே வெளியே நிற்கும். மூன்றாம் நாளிலும் உண்மையாகவே ஒரு பயிற்சி அமர்வு இருந்தால் நான்கு நாட்களும் உள்ளே வந்துவிடும். ‘உண்மையாகவே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரை மணி நேரப் படக்காட்சியைப் பயிற்சி என்று எழுதி வைப்பதற்கு நான் துணை போக மாட்டேன்.

32 துணைவர்களின் செலவு எந்தக் கணக்கிலும் பலன்தான். பொருளாகக் கொடுப்பதில் பிடித்தம் செய்யப் பணம் இல்லாததால், டீலர் வரியைக் கட்டிவிட்டார் என்பதை உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும். அல்லது நிறுவனமே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பலன் 60,000 ரூபாய் என்றால், ஏற்கும் வரியும் பலனில் சேர்வதால், நிறுவனம் கட்ட வேண்டிய வரி 6,000 அல்ல, 6,667. கூட்டம், சுற்றுலா, துணைவர் செலவு ஆகிய மூன்றுக்கும் மூன்று தனி பில்களை இப்போதே கேளுங்கள். ‘பேக்கேஜ், ஆளுக்கு இவ்வளவு’ என்று ஒரே வரியில் வரும் பில்லைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

டெல்டா_டீலர்:

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். தஞ்சைப் பக்கம் பம்ப் கடை வைத்திருக்கிறேன். நான்கு நிறுவனங்களின் பயணங்களில் போய் வந்திருக்கிறேன்.

அருள்கூர்ந்து எங்களுக்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக விட்டுவிடுங்கள். முஸ்தபா பேரங்காடிக்கு நேரம் ஒதுக்காத திட்டத்தில் ஆட்கள் தாமாகவே ஒதுக்கிக்கொள்வார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் தலையை எண்ணிக்கொண்டு நிற்பீர்கள். ஒரு முறை விருது விழாவை இரவு பதினொன்றரை வரை இழுத்தார்கள். மேடையில் கேடயம் வாங்கியவரின் மனைவி, பையன் கேட்ட பொம்மையை வாங்க முடியவில்லையே என்று கண் கலங்கினார்.

கிளம்பும் முன் எல்லோருக்கும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். மெல்லும் புகையிலை, குட்கா, சூயிங்கம், மின்சிகரெட் எதையும் கொண்டு போகக் கூடாது. சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு அறவே கிடையாது. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். இரவு பத்தரை முதல் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரை அறவே கூடாது. எம்.ஆர்.டி. ரயிலில் தண்ணீர் குடிப்பது கூடக் குற்றம். இதையெல்லாம் பஸ்ஸில் மைக்கில் சொன்னால் எங்கள் ஆட்கள் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பம்ப்செட்_கோவை:

மூவருக்கும் மிக்க நன்றி. கூட்டம் இரண்டாம் நாளுக்கு மாறிவிட்டது. தேதியும் நவம்பருக்குப் போகிறது. மூன்றாம் நாள் காலையில் டீலர்களுக்குப் பயன்படும் பயிற்சி என்று எதை வைக்கலாம்? எங்கள் பொறியாளர் ஒருவரும் உடன் வருகிறார்.

சிராங்கூன்வாசி:

நீங்கள் பம்ப் விற்பவர்கள் என்பதால் எனக்கு உடனே தோன்றுவது மெரினா அணைக்கட்டு. கடலும் நீர்த்தேக்கமும் சந்திக்கும் கால்வாயின் குறுக்கே 2008இல் திறக்கப்பட்டது. ஒன்பது மதகுகள் உண்டு. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகைத் திறந்து நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் திறக்க முடியாது. அப்போது ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைத்துக் கடலில் தள்ளும். ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் இறைக்கக் கூடியது. ஐந்து எச்.பி. மோட்டாரை வாழ்நாள் முழுவதும் விற்றவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டதும் அமைதியாகிவிடுவதை நானே கண்டிருக்கிறேன். ஒரு பெரியவர், ‘இதற்கு ஸ்டார்ட்டர் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும்?’ என்று கேட்டார். காலையில் ஹோட்டல் அரங்கில் உங்கள் பொறியாளர் இரண்டு மணி நேரம் சோலார் பம்ப் நிறுவுவதையும் பழுது பார்ப்பதையும் செய்து காட்டட்டும். பிறகு அணைக்கட்டுக்குப் போகலாம். நவம்பர் மழைக்காலமாதலால் குடை எடுத்து வையுங்கள்.

வரவுசெலவு:

இரண்டு மணி நேரச் செய்முறைப் பயிற்சிக்கு வருகைப் பதிவேடும் பாடக் குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள்; எனக்கு மறுப்பில்லை. அணைக்கட்டுக்குப் போகும் பஸ் செலவை மட்டும் சுற்றுலாப் பில்லில் போடச் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பியுங்கள். எஸ்.ஜி. வருகை அட்டை எனும் நுழைவுப் படிவத்தை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத் தளம் அல்ல. நம் ஆட்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது வழக்கம். டிக்கெட் போடுபவர் தம் விருப்பத்துக்கு அப்பா பெயரை அங்கே நிரப்பிவிட்டால் விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் வேறொரு பெயர் என்று ஆகிவிடும். 124 பேரின் முதல் பக்கத்தையும் நீங்களே கண்ணால் பாருங்கள்.

பம்ப்செட்_கோவை:

நேற்று இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். 19 பேருக்கு அந்தக் கட்டம் காலி. நான்கு பேருக்குப் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கடவுச்சீட்டு காலாவதியாகிறது. அவர்களில் ஒருவர் எங்கள் எம்.டி. இன்று காலை அவர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிட்டார். மெரினா பே சாண்ட்ஸ் பற்றி இன்று அவர் எதுவும் கேட்கவில்லை.