ப்ளூடூத், ஜிக்பீ, ஆர்எஃப்ஐடி: இன்னும் மனசை உறுத்துகிற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

குளிர்கிடங்கு:
ஜிக்பீ என்ற வயர்லெஸ்ஸில் பேசும் 14 சென்சார், அவை அனுப்புவதை வாங்கும் பெட்டியாக ஒரு கேட்வே. மூன்று வாரமாக ராத்திரியானால் பாதி சென்சார் ஆஃப்லைன். மாட்டிய பையனை எல்லார் முன்னாலும் திட்டினேன். பேட்டரி மாற்றினான், இடம் மாற்றினான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி நானே கேட்வே பக்கத்தில் உட்கார்ந்தேன். பேக்கப் ஓட ஆரம்பித்து ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கியது, திரையில் சென்சார்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. டிஸ்க்கின் யூஎஸ்பி 3 கேபிளைப் பிடுங்கினேன். பத்து நிமிஷத்தில் 14-ம் பச்சை. யூஎஸ்பி 3 ஓடும்போது ஜிக்பீ பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கசியும், கேட்வேயின் ஜிக்பீ டாங்கிள் (சென்சார் அலையை வாங்கும் சின்ன யூஎஸ்பி குச்சி) அதை ஒட்டியே செருகியிருந்தது. அங்கே செருகியது நான்.

மகள்_2:
அப்பாவின் காது மெஷினில் ப்ளூடூத் உண்டு. வீட்டுக்குள் போன் பேசினால் தெளிவாகக் கேட்கும், வெளியே நடக்கப் போனால் விட்டு விட்டுத்தான். "காது இன்னும் மோசமாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடக்கப் போவதையே நிறுத்திவிட்டார். போன் எப்போதும் பேன்ட் பின் பாக்கெட்டில். நம் உடம்பில் இருக்கிற தண்ணீரே அந்த அலையை உறிஞ்சிவிடுமாம். வீட்டில் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ காதுக்கு வந்துவிடுகிறது, திறந்தவெளியில் திரும்பி வர எதுவுமில்லை. சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றியதும் சரியானது. எட்டு மாசம் அவர் வெளியே போகவில்லை. ஒரு பாக்கெட்டுக்காக.

சேனல்26:
@குளிர்கிடங்கு, யூஎஸ்பி மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. வைஃபையும் அதே 2.4-ல் ஓடும், பேக்கப் அதில் போயிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். எனக்கும் வீட்டு விளக்குகள் இப்படித்தான் செத்துச் செத்துப் பிழைத்தன. வைஃபை சேனலை மாற்றியதும் நின்றது. நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் வைஃபை 1, 6, 11 சேனல்களில் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். ஜிக்பீயில் 11 முதல் 26 வரை 16 சேனல், ஆனால் அந்த 11 வேறு, வைஃபையின் 11 வேறு. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். வைஃபை 11-க்கும் மேலே ஒதுங்கி நிற்பவை 25, 26. சில கருவிகள் 26-ல் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் முதலில் 25. சேனல் மாற்றினால் சில சென்சார்களை மறுபடி சேர்க்க வேண்டி வரும், அவசரப்படாதீர்கள். டாங்கிளை ஒரு யூஎஸ்பி 2 நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், ரௌட்டர் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ப்ளூடூத் மாதிரி ஜிக்பீ நொடிக்கு நொடி சேனல் தாவாது, உட்கார்ந்த இடத்திலேயே அடி வாங்கும்.

ஷட்டர்:
எங்கள் கிடங்கு வாசலில் யூஎச்எஃப் ஆர்எஃப்ஐடி ரீடர், பெட்டிகளில் ஒட்டிய டேக்குகளை ரேடியோ அலையால் தள்ளி நின்றே படிப்பது. அது படித்த பெட்டி 'அனுப்பப்பட்டது' கணக்கில் ஏறும். ஒருநாள் வண்டியே வரவில்லை, ஆனால் 'அனுப்பப்பட்டது' கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். அதில் பட்டுத் தெறித்த அலை, உள்ளே சும்மா நின்ற பெட்டிகளின் டேக்குகளை எல்லாம் எழுப்பிவிட்டது. ஒன்றும் நகராமல் எண் மட்டும் ஓடியதை இப்போது நினைத்தாலும் திக்கென்கிறது.

குளிர்கிடங்கு:
@சேனல்26, பேக்கப்பில் வைஃபையே இல்லை, எல்லாம் வயர். சேனலும் முதல் வாரமே 25-தான். மாற்றியது அந்தப் பையன், நான் சொல்லாமலே. நீட்டிப்பு வயர் போட்ட பிறகு டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன், ஒரு சென்சாரும் விழவில்லை. அவனிடம் சொல்லலாம் என்று போனபோது வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தான்.