இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ல் மட்டும் மெனு ஒடுங்கி நிற்கிறது

கேள்வி:
வணக்கம். அலுவலக உள் பயன்பாட்டுக்கான தளம் ஒன்றை டேபிள்களிலிருந்து விடுவித்து, ஸ்டைல் ஷீட் (தோற்றத்துக்கான CSS விதிகள்) மூலம் இரண்டு பத்திகளாக அமைத்துவருகிறேன். மொத்த அகலம் 760 பிக்சல். மெனுவுக்கு அகலம் 180, இருபுறமும் பேடிங் (உள் இடைவெளி) 10, பார்டர் (விளிம்புக் கோடு) 1, இடது மார்ஜின் (வெளி இடைவெளி) 20 கொடுத்து இடப்புறம் ஃபுளோட் செய்திருக்கிறேன் (float: அடுத்த பெட்டி பக்கத்திலேயே நிற்கும்படி ஒதுக்குவது). அதையடுத்த உள்ளடக்கப் பத்தியின் அகலம் 538, அதுவும் இடது ஃபுளோட்தான். ஃபயர்பாக்ஸில் கச்சிதமாகப் பொருந்தும் இந்த அமைப்பு, சில கணினிகளில் மாற்ற வழியின்றி இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ல் மெனு ஒடுங்கி, வலப்புறம் தள்ளித் தெரிகிறது. மெனு அகலத்தை 202 ஆக்கினால் ஒடுக்கம் நீங்குகிறது. ஆனால் ஃபயர்பாக்ஸில் உள்ளடக்கம் கீழே இறங்கிவிடுகிறது. கோப்பின் முதல் வரியில் எக்ஸ்எம்எல் அறிவிப்பும், அதன் பிறகு எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0 ஸ்ட்ரிக்ட் டாக்டைப்பும் (பக்கம் எந்தத் தரத்தில் எழுதப்பட்டது என்று சொல்லும் வரி) உள்ளன.

மறுமொழி 1:
எண்களை மாற்றுவதை நிறுத்திவிட்டு அந்த முதல் வரியை நீக்குங்கள். டாக்டைப்புக்கு முன்னால் எக்ஸ்எம்எல் அறிவிப்பு இருந்தால், எக்ஸ்புளோரர் பதிப்பு 6 அந்தப் பக்கத்தைக் குவிர்க்ஸ் மோடில், அதாவது தரத்தைப் பின்பற்றாத பழைய முறையில், காட்டும். அந்த மோடில் அகலம் என்பது பேடிங்கையும் பார்டரையும் உள்ளடக்கிய அளவு. ஆகவே உங்கள் 202 பிக்சல் (180 + 20 + 2) மெனு 180-க்குள் அடைபடுகிறது. பதிப்பு 7-ல் இந்தக் கோளாறு இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வரியை நீக்கியதும் மெனு அகலம் சரியாகிவிட்டது. ஆனால் முன்பு ஒழுங்காக இருந்த உள்ளடக்கப் பத்தி இப்போது எக்ஸ்புளோரர் 6-லும் மெனுவுக்குக் கீழே போய்விட்டது!

மறுமொழி 2:
இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. ஃபுளோட் ஆகும் திசையிலேயே மார்ஜினும் இருந்தால், வரிசையின் முதல் பெட்டிக்கு அந்த மார்ஜினைப் பதிப்பு 6 இரட்டிப்பாக்கும். மெனு வலப்புறம் தள்ளி நின்றதன் காரணம் அதுவே. முன்பு 40 + 180 + 538 = 758, எனவே இடம் போதுமானதாக இருந்தது. இப்போது 40 + 202 + 538 = 780, அது 760-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த இரட்டிப்பு நீங்க, மெனுவின் விதியில் டிஸ்பிளேயை இன்லைன் (display: inline) என்று கொடுங்கள். ஃபுளோட் ஆன பெட்டி எப்படியும் பிளாக் (தனிப் பெட்டி) ஆகவே கணக்கிடப்படும் என்பதால், மற்ற உலாவிகளில் அந்த வரியால் எந்த மாற்றமும் வராது. பழைய உலாவிகளுக்கான திருத்தங்களில் இவ்வளவு சாதுவானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

மறுமொழி 3:
மேலே சொன்னது சரி; ஆனாலும் அந்த வரியைப் பொதுவான ஸ்டைல் ஷீட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைப் பார்த்து, ஃபுளோட்டுக்கு இன்லைன் எதற்கு என்று அழித்துவிடுவார் (நானே ஒருமுறை அப்படி அழித்திருக்கிறேன்). கண்டிஷனல் கமென்ட் (குறிப்பிட்ட எக்ஸ்புளோரர் பதிப்பு மட்டும் படிக்கும் குறிப்பு) மூலம் பதிப்பு 6-க்கு மட்டும் தனிக் கோப்பை இணைத்து, விதிக்குக் காரணத்தையும் அதிலேயே எழுதி வையுங்கள். விதியின் முன்னால் நட்சத்திரத்துடன் * html என்று சேர்த்து எழுதும் ஹேக்கும் (குறுக்குவழி) வேலை செய்யும் என்றாலும், பக்கம் மீண்டும் குவிர்க்ஸ் மோடுக்குப் போனால் பதிப்பு 7-ம் அதை ஏற்றுக்கொள்ளும். பேடிங்கை அகலத்துக்குள் அடக்கும் பாக்ஸ்-சைசிங் இங்கே உதவாது. அது பதிப்பு 8-லிருந்துதான் செயல்படுகிறது.