சர் ஏட்ரியன் கேட்பரி: துடுப்பும் சுக்கானும்

அன்புடையீர், வணக்கம்.

2015 செப்டம்பரில் தமது 86ஆம் வயதில் மறைந்த சர் ஏட்ரியன் கேட்பரியைச் சாக்லேட் முதலாளியாக மட்டும் நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் குறை என்றே கருதுகிறேன்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பொருளியல் படித்த அவர், 1952 மார்ச்சில் கடும் பனிப்பொழிவுக்கு நடுவே தேம்ஸ் ஆற்றில் நடந்த பல்கலைக்கழகப் படகுப் போட்டியில் துடுப்பு வலித்தார். ஆக்ஸ்ஃபோர்டு வென்றது, இரு படகுகளுக்கும் இடைவெளி படகின் மூக்களவுதான். அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், சுக்கான்காரர் இல்லாத நால்வர் படகில் பிரிட்டனுக்காக இறங்கி நான்காம் இடம் பெற்றார். அத்தகைய படகில் நால்வரும் போகும் திசைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். அவர்களுள் ஒருவர், துடுப்பின் தாளம் பிசகாமல், பாதத்தை அசைத்துச் சுக்கானையும் திருப்பியாக வேண்டும்.

1965இல் குடும்ப நிறுவனத்தின் தலைவரானார். அது ஷ்வெப்ஸ் என்னும் குளிர்பான நிறுவனத்துடன் இணைந்தபின் 1975 முதல் 1989 வரை அந்தப் பெருநிறுவனத்துக்கும் தலைமை வகித்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது, நிறுவனங்களை எப்படி நெறிப்படுத்தி ஆள வேண்டும் என்பது குறித்து அவர் தலைமையிலான குழு அளித்த 1992 அறிக்கையால்தான். பாலி பெக் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம், பிசிசிஐ என்னும் பன்னாட்டு வங்கி ஆகியவை சரிந்து, பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் தம் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியையே எடுத்தாண்டது வெளியான நாள்களில் உருவான அவ்வறிக்கை, நிறுவனத்தின் உச்சியில் ஒரே ஆள் கையில் தடையற்ற அதிகாரம் குவியலாகாது என்றது. கணக்குகளைக் கண்காணிக்கும் தணிக்கைக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர் மூவரேனும் இருக்க வேண்டும் என்றது. விதியைப் பின்பற்று, இல்லையேல் காரணத்தை வெளிப்படையாகச் சொல் என்றது. துடுப்பு வலிப்பவரே திசையையும் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உடம்பால் அறிந்தவர் எழுதியது போலவே அது எனக்குப் படுகிறது.

ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 25 ஆண்டுகள் பணியாற்றினார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவர் குடும்பத்துக்குக் கொடை புதிதன்று. பாட்டனார் ஜார்ஜ் கேட்பரி தாம் எழுப்பிய போர்ன்வில் குடியிருப்பை 1900இல் அறக்கட்டளைக்கே எழுதிவைத்தவர். அந்தப் பாட்டனாரைப் பற்றி ஏட்ரியன் 1987இல் எழுதியதை நான் மறப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரைக் கடுமையாக எதிர்த்த அவரிடம், போர்வீரர்களுக்குச் சாக்லேட் அனுப்ப விக்டோரியா அரசியே கேட்டபோது, அவர் மறுக்கவில்லை. அடக்க விலைக்கே செய்து கொடுத்தார். தொழிலாளருக்கு வேலை கிடைத்தது, வீரர்களுக்கு அரசியின் பரிசு கிடைத்தது, அநியாயம் என்று தாம் கருதிய போரில் அவர் கைக்கு ஒரு காசு லாபமும் வரவில்லை.