டெட்லைனுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம்.
கல்லூரி மாணவர்கள் அசைன்மென்ட் பதிவேற்றும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மிச்சம் கிடப்பது 'டெட்லைன்' ஒன்றுதான். அது மூன்று இடங்களில் வருகிறது: தனியாக, 'நீட்டிக்கப்பட்டது' என்பதோடு, 'தவறிவிட்டது' என்பதோடு. மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும்.
– ச.

ச. தம்பி, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? காலக்கெடு. நாளிதழ்களில் தினமும் வருகிறது. போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.
– இரா.

இரா. ஐயா, முதலில் அதைத்தான் போட்டேன். சின்னத் திரையில் சொல் உடைந்து, மேல் வரியில் 'காலக்', கீழ் வரியில் தடித்த சிவப்பில் 'கெடு' என்று நிற்கிறது. சோதித்துப் பார்த்த மாணவி, "யாரைக் கெடுக்கச் சொல்லுது?" என்று கேட்டாள்.
– ச.

உடையாவிட்டாலும் எனக்கு ஒப்பவில்லை. கெடு வைப்பவர் கடன் கொடுத்தவர், இல்லையென்றால் போராட்டக்காரர். வகுப்பில் நான் கெடு வைத்தால் மிரட்டுவதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.
– மீ.

மீ. அம்மா, மிரட்டல் ஆங்கிலத்திலேயே இருக்கிறதே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பு ஒரு கைதி முகாம் திறந்தது. சுற்றிலும் மரக்கட்டை மதில். மதிலுக்கு உள்ளே சுமார் 20 அடி தள்ளி, குச்சி நட்டுச் சட்டம் அடித்த தாழ்வான ஒரு வேலி. குழந்தைகூடத் தாண்டிவிடும். ஆனால் அதைத் தொட்டாலே காவல் கூண்டிலிருந்து சுடலாம். அதன் பெயர்தான் டெட்லைன். முகாம் இருந்த சுமார் 14 மாதத்தில் அடைபட்டவர்கள் ஏறக்குறைய 45,000 பேர். செத்தவர்கள் 13,000 பேர் அளவில், பெரும்பாலும் பசியாலும் நோயாலும். முகாமின் தலைவன் ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். குற்றப்பத்திரிகையிலேயே இந்தக் கோடு வருகிறது. பிற்பாடு அச்சுப்பொறியில், எந்தக் கோட்டுக்கு அப்பால் எழுத்து சரியாகப் பதியாதோ அதற்கும் இதே பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் கையில்தான் கோடு கடிகாரமாயிற்று. ஆக, தாண்டினால் கெட்டான் என்பதுதான் மூலப்பொருள். கெடுதலிலிருந்து கெடு. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?
– வே.

வே. ஐயா, கதை அருமை, முடிச்சு மட்டும் தப்பு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' இருக்கிறது. முதலெழுத்தைக் கங்கையின் ககரம்போல ஒலித்துப் பாருங்கள். நம் கெடு அந்த வழியாக வந்ததாகவே எனக்குப் படுகிறது. கெட்டுப்போவதோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல்.
– தி.

அப்படியென்றால் கெடுவே வேண்டாம். இறுநாள்! இறுத்தல் முடித்தலும் ஆகும், வரி இறுப்பதும் ஆகும். முடிப்பது, செலுத்துவது இரண்டும் ஒரே வினைத்தொகையில் அடங்கிவிட்டன.
– செ.

ரகர றகர வேறுபாடு இங்கே பெரும்பாலோர் பேச்சிலிருந்து போய் எத்தனையோ காலமாயிற்று. 'இறுநாள் நீட்டிப்பு' என்றால் பையன்கள் இன்னும் இரண்டு நாள் கிடைத்தது என்று படுத்துவிடுவார்கள்.
– மீ.

யாழ்ப்பாணத்தில் விண்ணப்பங்களில் 'முடிவுத் திகதி' என்று போடுவோம், ஒருவருக்கும் குழப்பமில்லை. தவணை என்று மட்டும் சொல்லிவிடாதேயுங்கோ. எங்கட பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு.
– நா.

திகதி இங்கே தேதி, அது போகட்டும். 'முடிவுத் தேதி' என்று மாணவரிடம் சொன்னால் ரிசல்ட் வரும் தேதி என்று எடுத்துக்கொள்வார். வாய்தா என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன்: வாய்தா என்றாலே தள்ளிப்போடுவது என்று நம் நீதிமன்றங்கள் ஆக்கிவிட்டன.
– இரா.

ஒருவரும் 'லைனை'த் தொடவில்லை. இலத்தீனில் லீனம் என்றால் ஆளிச்செடி. அதன் நார்நூலிலிருந்துதான் கோடு என்ற பொருள் வந்தது. தமிழில் இழையும் நூல், சுவரில் இழைப்பதும் கோடு. 'நாளொற்றித் தேய்ந்த விரல்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் என்ன எழுதினார்? தலைவன் பிரிந்த நாள்களைத் தலைவி சுவரில் இழைத்து வைத்துத் தொட்டு எண்ணுகிறாள். திரும்பி வருவேன் என்று அவன் சொன்ன பருவம்தான் தமிழின் முதல் டெட்லைன். என் பரிந்துரை: நாளிழை.
– வே.

ஐயா, அவன் இன்னும் வரவில்லை என்றுதானே அந்தக் குறளில் அவள் ஏங்குகிறாள்! குறுந்தொகை 66இல் கொன்றை வேறு பருவத்துக்கு முன்னமே பூத்துவிட்டது என்று தோழி சாதிக்கிறாள். அசைன்மென்ட் கொடுக்காத என் மாணவர்களும் இதே வாதம்தான் செய்கிறார்கள்.
– மீ.

நண்பர்களே, வெள்ளி போய் சனி காலை ஆகிவிட்டது. நேற்று இரவு 'கடைசி நாள்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மணியைக் கீழே தனியாகக் காட்டுவார்களாம். மீ. அம்மா, இரா. ஐயா, தி. மூவரும் தனிமடலில் சரி என்றார்கள். நா. ஐயாவின் முடிவுத் திகதியை இலங்கைப் பதிப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.
– ச.

'கடைசி நாள் நீட்டிக்கப்பட்டது.' தம்பி, நீட்ட முடிந்தால் அது எப்படிக் கடைசி? இறுநாளில் இந்தச் சிக்கல் இல்லை.
– செ.

உண்டு, செ. அவர்களே. நாளிழை என்றால் இழையை இழுத்துவிடலாம்.
– வே.