கடல்குதிரை, அந்துப்பூச்சி: ரெண்டையும் எப்படி ஒப்பிடறது?

கேள்வி:
ரெண்டு உயிரினத்தை ஒப்பிட்டு எழுதணும்னு பொண்ணுக்கு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, அவ கடல்குதிரையையும் அந்துப்பூச்சியையும் எடுத்துக்கிட்டா. ஒண்ணு தண்ணில இருக்கு, ஒண்ணு பறக்குது, அதுக்கு மேல எனக்கு ஓடல. ரெண்டுக்கும் மேல ஓடு இருக்கு, அப்போ ரெண்டும் ஒரே வகையானு கேக்குறா. சரியா?

பதில் 1:
இல்லங்க, கடல்குதிரை மீனு. செவுள், முதுகெலும்பு, நீச்சல்பை எல்லாம் இருக்கு. உடம்பைச் சுத்தி வளையமா தெரியுதே, அது தோலுக்கு அடியில இருக்கற எலும்புத் தட்டு. அந்துக்கு எலும்பே கிடையாது, வெளிக்கூடுதான், ஆறு கால், மூச்சு விடறதுகூட உடம்பு ஓரத்துல இருக்கற குட்டி ஓட்டை வழியா. சொல்லப்போனா கடல்குதிரை நமக்குத்தான் கிட்டத்து சொந்தம். இதுல அழகு என்னன்னா மீனா இருந்தும் கடல்குதிரைக்கு செதில் இல்ல, அந்துக்கு இருக்கு! றெக்கையைத் தொட்டா விரல்ல பொடி ஒட்டுமே, அது பூரா செதில்தான்.

பதில் 2:
சாப்பாட்டை விட்டுடாதீங்க, எனக்கு அதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. கடல்குதிரைக்குப் பல்லும் இல்ல வயிறும் இல்ல, குழாய் மாதிரி வாயால குட்டி இறால் மாதிரி உயிர்களை உறிஞ்சும், உள்ள போனது வேகமா வெளிய வந்துடும், அதனால பொழுதன்னிக்கும் தின்னுட்டே இருக்கணும், வாலால கடல்புல்லைப் பிடிச்சுக்கிட்டு இரை கிட்ட வர்ற வரைக்கும் ஆடாம நிக்கும். அட்லஸ்னு ஒரு அந்து வகை இருக்கு, அது இதுக்கு நேர் எதிர். றெக்கை வந்தப்புறம் ஒண்ணுமே சாப்பிடாது, புழுவா இருந்தப்ப சேர்த்த கொழுப்புலயே ஒண்ணு ரெண்டு வாரம் ஓட்டிட்டு முட்டை வெச்சு செத்துடும். எல்லா அந்தும் இப்படி இல்ல, நிறைய வகை உறிஞ்சுகுழலை நீட்டி தேன் குடிக்கும்.

பதில் 3:
குட்டி போடறதையும் எழுதச் சொல்லுங்க. பெண் கடல்குதிரை முட்டையை ஆணோட பைக்குள்ள வெச்சிடும், சுமக்கறது, ஆக்சிஜன் குடுக்கறது, பெத்து வெளிய விடறது எல்லாம் அப்பாதான். பொறந்த குட்டி அச்சு அசல் பெருசு மாதிரியே இருக்கும். அந்து முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம்தான் றெக்கைனு நாலு கட்டம் தாண்டணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! செவுத்துல இருந்த ஒரு அந்தை இப்போதான் லென்ஸ் வெச்சுப் பாத்தோம், கூரை வேய்ஞ்ச மாதிரி செதில் அடுக்கடுக்கா இருக்கு. இதுல ஆண் பெண் எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில் 2:
எல்லா வகையிலயும் சுலபமா தெரியாது. அட்லஸ், பட்டுப்பூச்சி மாதிரி வகைன்னா உணர்கொம்பைப் பாருங்க, ஆணுக்கு அகலமா இறகு மாதிரி விரிஞ்சிருக்கும், பெண் விடற வாசனையை அதுலதான் பிடிக்கும்.