படகை நாலு மாதம் கரையேற்றி வைக்கணும், பூஞ்சைக்கு என்ன வழி? அவசரம்

கடற்குருவி:
வணக்கம். வெள்ளிக்கிழமை படகைக் கரையேற்றுகிறார்கள், சனிக்கிழமை எனக்கு விமானம். திரும்பி வர ஜனவரி ஆகிவிடும். போன தடவை இரண்டே மாதம் மூடி வைத்தேன், கேபின் முழுக்கப் பூஞ்சை, மெத்தையெல்லாம் குப்பைக்குப் போனது. இந்த முறை என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

லுமுட் மணி:
எந்த ஊர் தம்பி? எத்தனை அடி? ஃபைபரா, மரமா?

நங்கூரம்77:
படகை நிறுத்தும் யார்டில் கரண்ட் உண்டா? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

பழைய பாய்மரம்:
இதே கேள்விக்கு இங்கே பத்துத் தடவை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எதற்குப் படகு? ஈரம் உறிஞ்சும் டப்பா ஆறு வாங்கி வையுங்கள், எல்லாத் துவாரத்தையும் டேப் ஒட்டி மூடுங்கள். முடிந்தது.

நங்கூரம்77:
நாலு மாதத்துக்கா ஐயா? அந்த டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு. நம் பக்கத்து ஈரக் காற்றுக்குச் சில வாரத்திலேயே நிரம்பிவிடும், மாற்றிவைக்க ஆள் வேண்டும். கவிழ்ந்தால் அந்தக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும்.

கடற்குருவி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மலேசியாவில் லுமுட்தான். 32 அடி, ஃபைபர். கரண்ட் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லாதபோது போட்டு வைக்க விடமாட்டார்கள்.

லுமுட் மணி:
அப்போது டீஹியூமிடிஃபையர் (கரண்டில் ஓடி ஈரம் எடுக்கும் இயந்திரம்) கிடையாது. அது ஓடினால்தான் படகை இறுக்கி மூடலாம். ஓடாவிட்டால் காற்று உள்ளே வந்து வெளியே போகணும். பாதி மூடி பாதி திறந்து வைப்பதுதான் கெடுதல்.

முதல் வேலை உப்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உப்புப் பட்ட துணி முழுசாகக் காயவே காயாது. பாய்மரத் துணிகளை இறக்கி நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, வீட்டுக்கு எடுத்துப் போ. கேபின் சுவர், அலமாரி உள்பக்கம், கயிறு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் துடைத்து, அப்புறம் வினிகர் கலந்த தண்ணீரால் ஒரு தடவை. மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்து. அலமாரிக் கதவு, தரைப்பலகை எல்லாம் திறந்து கிடக்கட்டும்.

அக்டோபர், நவம்பர் மழைதான் பயம். நிறுத்தும்போது அணியம் (படகின் முன்பக்கம்) சற்று உயர்ந்திருக்கச் சொல். காக்பிட் (படகோட்டி உட்காரும் திறந்த பள்ளம்) தண்ணீர் போகும் குழாய் சீகாக் (படகின் உடலில் இருக்கும் வால்வு) வழியாகப் போனால் அதைத் திறந்தே வை. இலை அடைத்தால் தண்ணீர் நேராக கேபினுக்குத்தான். வாரம் ஒருமுறை பார்க்க யாருக்காவது காசு கொடு. காற்றுத் துவாரத்தில் சின்ன வலை கட்டு.

டீசல்காரன்:
இஞ்சினை யாரும் கேட்கவில்லையே! டீசல் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பு. காலியிடம் இருந்தால் ஈரம் கோத்துத் தண்ணீர் இறங்கும், அதில் கிருமி வளரும்.

பழைய பாய்மரம்:
குளிர்நாட்டுக் கதை. இங்கே இரவு பகல் வெப்பம் பத்து டிகிரிகூட மாறாது, என்ன பெரிதாகக் கோக்கும்? தண்ணீர் வருவது மூடியின் தேய்ந்த ரப்பர் வழியாக.

டீசல்காரன்:
என் டேங்க்கில் கறுப்புக் கூழ் எடுத்தவன் நான். ரப்பர் புதுசு.

பழைய பாய்மரம்:
அப்படியானால் டீசலோடு வந்த தண்ணீர்.

டீசல்காரன்:
எங்கே வாங்கினேன் என்று கூடத் தெரியாமல் சொல்கிறீர்களே.

நங்கூரம்77:
இரண்டு பேரும் ஒரே டேங்க்கில் நீந்துகிறீர்கள். எப்படி வந்தாலும் அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, டீசலுக்கென்று விற்கும் கிருமிநாசினி ஊற்று. இஞ்சின் எண்ணெயைப் போகுமுன் மாற்று, பழைய எண்ணெயின் அமிலம் உள்ளே உட்கார்ந்திருக்கும். கடல்தண்ணீர் ஓடும் பக்கத்தை நல்ல தண்ணீரால் அலசி, இம்பெல்லரை (பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்) கழற்றி வை. பேட்டரி வயரைக் கழற்று. இந்த வெயிலில் அது தானாகவே வேகமாக இறங்கும், சின்ன சோலார் தகடும் கன்ட்ரோலரும் இருந்தால் நல்லது.

பழைய பாய்மரம்:
கேட்டவர் போய்விட்டார் போலிருக்கிறது. நன்றிகூட இல்லை.

கடற்குருவி:
(ஜனவரி) நேற்று திறந்தேன். மணி அண்ணன் சொன்னபடி அலசியதில் பூஞ்சை ஒரே ஒரு அலமாரியில்தான், அதைத்தான் மூடிவிட்டுப் போயிருக்கிறேன். டேங்க் பாதிதான் இருந்தது, சுத்தம். வலை கட்ட மறந்தேன், துவாரத்துக்குள் குளவி மண்கூடு. எப்படி எடுப்பது?