நின்றால் சூடு, ஓடினால் குளிர்: ஏ.சி.க்கு மறுபடியும் கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா?

மண்டபத்தான்:
ஆறு ஆண்டுகளாகக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும் என் கார், தனுஷ்கோடிச் சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. ராமநாதபுரம் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் உலைமூடியைத் திறந்ததுபோல் காற்று வருகிறது. கேஸ் குறைந்துவிட்டது என்கிறார்கள் பட்டறையில். போன ஆண்டும் அதையே சொல்லித்தான் நிரப்பினார்கள்.

கீழக்கரை கேஜ்:
பட்டறைக்காரர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. வண்டியின் முன்பக்கம் நின்று கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் அலுமினியத்தை உப்புக்காற்று அரித்து ஊசித்துளை போட்டுவிடும். ஐடிலில் (வண்டி நிற்க இஞ்சின் மட்டும் ஓடும்போது) கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் மெதுவாகச் சுழல்வதால், கேஸ் குறைந்த வண்டியும் நிற்கும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பாம்பன் பாலம்:
நான் மறுக்கிறேன். ஓடும்போது எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலை முழுவதும் ஃபேன் தலையில் விழுகிறது. வண்டியின் முகத்தைக் கச்சான் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்திப் பார்த்தீர்களா? கண்டென்சர்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் (கடல்நீர் வேண்டாம்) குளிர் திரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது ஃபேனைத்தான்.

மண்டபத்தான்:
காற்றுக்கு எதிரே நிறுத்தினால் குளிர்கிறது. இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தபோது அழுத்தம் பார்க்கும் கேஜ் 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியது. ஆகவே கேஸ் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கீழக்கரை கேஜ்:
கொள்ளக் கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். உங்கள் ஏ.சி.யில் உள்ள ஆர் 134ஏ கேஸ் 30 டிகிரியில் ஏறத்தாழ அந்த அழுத்தத்தைத்தான் காட்டும்; உள்ளே ஒரு துளி திரவம் மிஞ்சியிருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில் நிற்கும். அது வெப்பநிலையைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்லவில்லை. அளவு தெரிய வேண்டுமானால், கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடைபோட்டு, பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பாம்பன் பாலம்:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஓடும் இஞ்சினில் இருபக்க அழுத்தமும் (கம்ப்ரஸருக்குள் நுழையும் பக்கத்துத் தாழழுத்தமும், வெளியேறும் பக்கத்து உயரழுத்தமும்) தாழ்ந்திருந்தால்தான் கேஸ் குறைவு என்று ஐயப்பட வேண்டும். நிற்கும்போது உயரழுத்தம் 300-ஐத் தாண்டி ஏறினால், கண்டென்சர் சூட்டை வெளியே விடவில்லை என்று பொருள். அந்த நிலையில் கேஸை மேலும் ஏற்றுவது கம்ப்ரஸருக்குக் குழி வெட்டுவதாகும்.

மண்டபத்தான்:
இன்று பார்த்தாயிற்று. ஐடிலில் உயரழுத்தம் 340. தண்ணீர் ஊற்றியதும் 220-க்கு இறங்கியது. ஃபேன் சுழலவே இல்லை, அதன் கனெக்டர் முழுதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் சுழல்கிறது. பிறகு எடைபோட்டதில் 450 கிராமுக்கு 390 தான் இருந்தது.

கீழக்கரை கேஜ்:
அந்த 60 கிராம் எங்கே போனது?

பாம்பன் பாலம்:
ரப்பர் குழாய்களின் வழியாகவும் சிறிது கசியும். அதற்காகக் கண்டென்சரையே மாற்றச் சொல்வீர்களா?

கீழக்கரை கேஜ்:
ஓராண்டில் இவ்வளவு போவது எனக்கு இயல்பாகத் தெரியவில்லை. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசிந்து புழுதியைப் பிடித்து வைக்கும். கண்டென்சரின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

மண்டபத்தான்:
துடைத்தேன். கீழ் மூலையில் துணி கறுப்பாக, பிசுபிசுப்போடுதான் வந்தது.